மை

காலை ஐந்து மணிக்கு யேசபேல்
ஈரத்தலையோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து
வெண்ணெய் தடவிய ரொட்டி தின்கிறாள்.
ரியோவின் மேற்குக் கோடி. தகரக் கொட்டகை.
உள்ளே தெர்மாகோல் தூண்கள் தாங்கும் ஓர் அரண்மனை.

அவள் பெயர் தல்வா. இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி.
நேற்றுக் கடையில் தக்காளி பொறுக்கும்போது
யாரோ ஒருத்தி முகத்துக்கு நேரே விரல் நீட்டி
"உன்னை நாய் தின்னும்" என்றாளாம்.
"தெரியும், வியாழக்கிழமை" என்றாளாம் இவள்.

இன்னும் சிவப்பு, இன்னும் சிவப்பு என்று
சீட்டு வருகிறது மேலிருந்து.
உதட்டுக்கு. நகத்துக்கு. கட்டிலின் திரைக்கு.
கட்டிலே கிடையாது வேதத்தில். தேடிப் பார்த்தேன்.
அவள் யாரையும் மயக்கவில்லை.
கொல்ல வருகிறவனின் தேர்ச்சத்தம் கேட்டதும்
கண்ணுக்கு மையிட்டாள், தலையை வாரினாள்,
சன்னலில் வந்து நின்றாள்.
அவ்வளவுதான்.

அந்த ஒரு சன்னலிலிருந்து இறங்கி வந்தவைதாம்
திருவிழாக் கடைகளில் தொங்கும் இத்தனை முகமூடிகளும்
மலிவு நாவல்களின் அட்டைகளும்
லாரியின் பின்கதவில் ஒருக்களித்துப் படுத்திருப்பவளும்.
பதினான்கு வயதில் உதட்டுச்சாயம் பூசிப் போன என்னைச்
சபை நடுவே எழுப்பி நிறுத்தி
பாஸ்டர் கூப்பிட்ட பெயரும்.

அன்று முதல் வரிசையில் இருந்தார் சென்யோர் எவிலாசியோ.
சபையின் சுவர் அவர் கொடுத்த சிமெண்ட்.

தீர்க்கதரிசிகளைக் கொன்றாள். இருக்கிறது, மறைக்கவில்லை.
ஆனால் என் கண் போய் நின்ற இடம் வேறு:
அவள் ஒரு கடிதம் எழுதினாள்.
ராஜாவின் பெயரில், ராஜாவின் முத்திரையோடு.
பொய்ச்சாட்சி இரண்டு பேர். ஊர் கூடிக் கல்லெறிந்தது.
ஒரு திராட்சைத் தோட்டம் கைமாறியது.

சன்னல் காட்சிக்கு மூன்று நாள் ஒதுக்கினார்கள்.
நாபோத்துக்கு, சாப்பாட்டுக்கு முன் நாற்பது நிமிடம்.
அதெர்பால் பன்னிரண்டு வசனம் மனப்பாடம் செய்து வந்திருந்தான்,
பாவம், மூன்றுதான் மிஞ்சியது.
நெற்றியில் காயம் வரையும்போது கேட்டான்,
"கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?"
எல்லாப் பக்கத்திலிருந்தும், என்றேன்.

மரன்யாவில் எங்களுக்கு இருந்தது திராட்சை இல்லை.
மரவள்ளி, அதற்குப் பின்னால் பாபசு பனைகள்.
ஒரு நாள் ஒரு பத்திரம் வந்தது,
தாத்தா பிறப்பதற்கும் முந்தைய தேதியோடு.
அந்த மாதிரிக் காகிதங்களைப் பெட்டியில் வைத்துச்
சில்வண்டுகளை உள்ளே விட்டு மூடுவார்களாம்.
கடித்து, எச்சமிட்டு, பழுப்பேற்றி
சில வாரத்தில் நூறு வயதாக்கிவிடுமாம் அவை.
அப்பா அதை வாங்கிப் படிக்கவில்லை, அவருக்குப் படிக்கத் தெரியாது.
முகர்ந்து பார்த்தார்.
கையெழுத்திட்ட சாட்சிகளில் ஒருவன் எங்கள் பங்காளி.
வாங்கியவர் பெயர் எவிலாசியோ.

காகிதம் உதட்டுச்சாயம் பூசிக்கொள்வதில்லை.
அதை யாரும் சபையில் எழுப்பி நிறுத்தவில்லை.

வியாழன்.
தல்வா மெத்தைமேல் விழுந்தாள், ஐந்து முறை.
ஆறாவது முறை முட்டியைப் பிடித்துக்கொண்டு
கெட்ட வார்த்தை சொன்னாள். எல்லாரும் சிரித்தோம்.
பிறகு நாய்களைக் கொண்டுவந்தார்கள்.

நாய்கள் மீதம் விட்டதற்குக் கணக்கு இருக்கிறது வேதத்தில்:
மண்டை ஓடு, பாதங்கள், உள்ளங்கைகள்.
கலைப்பிரிவு சிலிக்கானில் இரண்டு கை செய்து அனுப்பியது,
நகத்துக்குச் சிவப்பு என்ற சீட்டோடு.
பூசினேன்.
தல்வாவின் இமைக்குத் தீட்டி மிஞ்சிய மையை எடுத்து
வலது கையின் நடுவிரலில்,
எழுதுகோல் அழுந்தும் இடத்தில்
தேய்த்தேன். ரேகைக்குள் இறங்கும்வரை தேய்த்தேன்.

கேமரா பார்க்கவில்லை. சீட்டு அனுப்பியவரும்.
பழுப்பு நாய் ஒன்று மட்டும்
சாசேஜை விட்டுவிட்டு வந்து
அந்த விரலை முகர்ந்து
தும்மியது.

கட், என்றார்கள்.
நாயை மாற்றி மறுபடி எடுத்தார்கள்.